நிகழ்ச்சிக்கும் செய்திக்கும் இடையே: தகவலோட்டத்தின் தாமதத்தைக் கட்டளை வரியில் அளத்தல்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உதியன்குளங்கரை என்னும் ஊர் இருக்கிறது. மலையாளமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இது. இவ்வூருக்கு வடக்கே, அமரவிளையில், நெடுஞ்சாலை நெய்யாற்றைக் கடக்கிறது. அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு ஏறக்குறைய 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் அரபிக் கடலோடு கலக்கிறது. கங்கை, கோதாவரி போன்ற பேராறுகளில் மேற்பகுதி வெள்ளம் கீழ்ப்பகுதிக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். நெய்யாறு போன்ற குறுகிய ஆற்றிலோ மலையில் பெய்த மழை சில மணி நேரத்திலேயே கீழூர்களின் கதவைத் தட்டிவிடும். 2021 நவம்பரில் பெய்த கனமழையின்போது பாறசாலைப் பகுதியில் இருப்புப்பாதை மீது மண் சரிந்து ரயில் போக்குவரத்து தடைப்பட்டதை இப்பகுதியினர் அறிவர்.

இத்தகைய இடத்தில் ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்று அறிவது மட்டும் போதாது. நாம் படிக்கும் எண் எந்த நேரத்து எண் என்பதையும் அறிய வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன் அளந்த அளவை இப்போதைய அளவு என்று எண்ணிச் செயற்படுவது, அளவே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. ஆகவே, நிகழ்ச்சி நடந்த நேரத்துக்கும் அது பற்றிய செய்தி பயன்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட தாமதத்தை அளக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கணிப்பொறியின் கட்டளை வரியே போதுமானது. அலைபேசி இணைப்பு மெலிந்து வண்ணப் படங்கள் திரையில் தோன்ற மறுக்கும் மழை நாளிலும் கட்டளை வரியின் சில எழுத்துகள் வந்து சேரும். களப்பணி ஊழியருக்கு அதுவே அதன் சிறப்பு.

தகவலோட்டம் என்பது யாது?

முற்காலத்தில் அளவுகளைப் பேரேட்டில் எழுதிச் சேர்த்து, நாள் முடிந்தபின் மொத்தமாகக் கணக்கிடுவர். இது தொகுதி முறை. இன்று கருவிகள் இடைவிடாது அளவுகளை அனுப்புகின்றன. அவை வரவரவே ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடும் முறைக்கு ஓட்ட முறை என்று பெயர். ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் நீரை அளப்பது போன்றது இது. காஃப்கா, ஃபிளிங்க் முதலிய மென்பொருள்கள் இப்பணிக்கெனவே உருவானவை. லிங்க்டின் நிறுவனத்தில் தோன்றிய காஃப்கா 2011-ல் பொதுப் பயனுக்கு வெளியிடப்பட்டது. பெர்லினில் நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிறந்தது ஃபிளிங்க். காஃப்கா செய்திகளை வரிசையாகத் தாங்கி நிற்கும் கிடங்கு. ஃபிளிங்க் அவற்றை எடுத்துக் கணக்கிடும் செயலி. இவ்வளவு அறிந்தால் இப்பாடத்துக்குப் போதும்.

நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் ஒன்று உண்டு. இப்பாடத்தில் வரும் எண்கள் அந்நிலையத்தின் பதிவுகள் அல்ல. அத்தகைய ஒரு நிலையத்தை மனத்தில் கொண்டு விளக்கத்திற்காக அமைத்த எண்களே அவை.

நான்கு முத்திரைகள்

அஞ்சலுறையின் மீது புறப்பட்ட ஊரின் முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் விழுந்திருந்தால், அக்கடிதம் வழியில் எத்தனை நாள் தங்கிற்று என்று எவரும் சொல்லிவிடலாம். தகவலோட்டத்திலும் இதே முறைதான். ஒவ்வோர் அளவின் மீதும் நான்கு நேர முத்திரைகள் விழ வேண்டும்.

முதலாவது, கருவி அளந்த நேரம். இதுவே நிகழ்ச்சி நேரம். இரண்டாவது, செய்தி பெறும் நிலையத்தை அடைந்த நேரம். மூன்றாவது, செயலி அதை வரிசையிலிருந்து எடுத்த நேரம். நான்காவது, முடிவு வெளிவந்த நேரம்.

ஓர் அளவு காலை 6 மணி 0 நிமிடம் 0 நொடிக்கு எடுக்கப்பட்டது என்று கொள்வோம். பெறும் நிலையத்தை அது 6.04.10-க்கு அடைந்தது. செயலி 6.04.12-க்கு எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முடிவு வெளியிடுவது செயலியின் ஏற்பாடு ஆதலால், முடிவு 6.05.00-க்கு வந்தது. மொத்தத் தாமதம் 300 நொடி. இதில் வழிப்பயணம் 250 நொடி. வரிசையில் காத்திருப்பு 2 நொடி. செயலியில் தங்கியது 48 நொடி.

இப்பிரிவினையின் பயனைக் கவனிக்க வேண்டும். செய்தி தாமதமாக வருகிறது என்றவுடன் கணிப்பொறியை விரைவுபடுத்த முனைவது பலரின் வழக்கம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் செயலியை எவ்வளவு விரைவாக்கினாலும் 250 நொடிப் பயணம் குறையாது. அளவுகளைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் நிலையங்கள் பலவற்றுக்கு ஒவ்வொரு மணியிலும் குறிப்பிட்ட ஒரு சிறு இடைவெளி ஒதுக்கப்படுகிறது. தன் முறை வரும்வரை அளவு நிலையத்திலேயே காத்திருக்கும். இது பழுதன்று, ஏற்பாட்டின் இயல்பு. இயல்பான தாமதம் எவ்வளவு என்று முன்னரே அறிந்தவரே பழுதினால் வந்த தாமதத்தைப் பிரித்தறிய முடியும்.

கடிகாரங்களை முதலில் சரிபார்த்தல்

இரண்டு நேரங்களின் வேறுபாடே தாமதம். இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள் காட்டியவை. ஆகவே, கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு முழுவதும் பொய்யாகும். இந்தியத் திட்ட நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணி வருகிறது. இணையத்தின் வழியே கணிப்பொறிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் வழிமுறையும் 1980களிலிருந்தே வழக்கில் உள்ளது. பெறும் நிலையத்துக் கணிப்பொறி அவ்வாறு ஒத்திசைந்திருக்கிறதா என்பதை அளவெடுக்கும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடிகாரக் கோளாறுகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. அவற்றை ஊழியர் நினைவில் வைத்தல் நலம்.

(1) தாமதம் குறை எண்ணாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழாக வருதல். நடக்குமுன்னே செய்தி வர இயலாது. கருவியின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்பதே இதன் பொருள்.

(2) தாமதம் ஏறத்தாழ 19,800 நொடியாக வருதல், அல்லது அதே அளவு குறை எண்ணாக வருதல். 19,800 நொடி என்பது ஐந்தரை மணி நேரம். உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரு பக்கம் இந்திய நேரத்தை எழுத, மறுபக்கம் அதைப் பொது நேரமாகப் படிக்கிறது என்று உடனே முடிவு செய்யலாம்.

(3) தாமதம் நம்பவியலாத அளவு பெரிதாக வருதல். கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரத்தைக் குறிக்கின்றன. நொடிக் கணக்கில் இன்றைய நேரம் 10 இலக்கம் கொண்டது. மில்லிநொடிக் கணக்கில் 13 இலக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வரும் விடைக்குப் பொருளில்லை. இலக்கங்களை எண்ணிப் பார்ப்பதே இதற்குச் சோதனை.

(4) தாமதம் நாள்தோறும் சில நொடி வீதம் சீராக வளர்தல் அல்லது குறைதல். கருவியின் கடிகாரம் மெல்ல விலகிச் செல்கிறது என்பதற்கு இது அறிகுறி.

கட்டளை வரியில் அளக்கும் முறை

செயலி தான் எடுத்த ஒவ்வோர் அளவையும் ஒரு குறிப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுதுகிறது என்று கொள்வோம். வரியில் நிலையத்தின் பெயர், நிகழ்ச்சி நேரம், நீர்மட்டம் ஆகிய மூன்றும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

முதற்படி: கோப்பின் வாலைத் தொடர்ந்து பார்த்தல். இதற்கு ‘டெயில்’ என்னும் கட்டளை உதவும். அதனுடன் ‘எஃப்’ என்னும் குறியைச் சேர்த்தால், புதிய வரி எழுதப்படும் போதெல்லாம் அது திரையில் தோன்றும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கோப்பு நிறைந்ததும் கணிப்பொறி அதை ஒதுக்கிவிட்டு அதே பெயரில் புதிய கோப்பைத் தொடங்குவது வழக்கம். சிறிய எழுத்து எஃப் பழைய கோப்பையே பற்றிக்கொண்டு நிற்கும். புதிய வரி எதுவும் வராது. பெரிய எழுத்து எஃப் பெயரைப் பின்தொடர்ந்து புதிய கோப்புக்கு மாறிக்கொள்ளும். நள்ளிரவில் திரை அமைதியாகிவிட்டால் ஆறு அடங்கிவிட்டது என்று கொள்ளாமல் முதலில் இதைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் படி: கழித்தல். டெயில் தரும் வரிகளைக் குழாய்க் குறியின் வழியே ‘ஆக்’ என்னும் கட்டளைக்கு அனுப்ப வேண்டும். ஆக் ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் பிரித்து, ‘சிஸ்டைம்’ என்னும் சார்பினால் பெறும் இப்போதைய நேரத்திலிருந்து இரண்டாம் புலத்தைக் கழித்து, நிலையத்தின் பெயரோடு விடையை அச்சிடும். ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய கட்டளை இது.

மூன்றாம் படி: தேக்கத்தை நீக்குதல். ஆக்கின் விடையை மற்றொரு கட்டளைக்கோ கோப்புக்கோ அனுப்பினால், கணிப்பொறி அதை உடனுக்குடன் அனுப்பாது. ஓரளவு சேர்ந்தபின் மொத்தமாக அனுப்பும். தாமதத்தை அளக்கும் கருவியே புதிய தாமதத்தை உண்டாக்கும் விந்தை இது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ‘எஃப்ஃப்ளஷ்’ என்னும் சார்பை அழைத்தால் தேக்கம் நீங்கும். ‘கிரெப்’ கட்டளையைப் பயன்படுத்துவோர் அதற்குரிய வரித்தேக்கக் குறியைச் சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: தொகுத்தல். ஒரு மணி நேரத்து விடைகளை ஒரு கோப்பில் சேர்த்து, ‘சார்ட்’ கட்டளையால் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, நடு எண்ணையும் 95-ஆம் நூற்றுமானத்தையும் பெரும எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஏன் எடுக்கிறோம் என்பதை அடுத்த பகுதி விளக்கும்.

காஃப்காவிலிருந்து நேரே படிப்போர் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம். காஃப்கா ஒவ்வொரு செய்தியோடும் ஒரு நேரத்தை வைத்திருக்கிறது. அது அனுப்புநர் இட்ட நேரமாகவும் இருக்கலாம். கிடங்கில் சேர்ந்தபோது கிடங்கே இட்ட நேரமாகவும் இருக்கலாம். எது என்பது ஏற்பாட்டைப் பொறுத்தது. கிடங்கு இட்ட நேரத்தை நிகழ்ச்சி நேரமென எண்ணிக் கழித்தால் வழிப்பயணத் தாமதம் முழுவதும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். ஆற்றங்கரையிலிருந்து செய்தி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் தாமதம் இரண்டே நொடி என்று திரை காட்டும். ஃபிளிங்க் செயலியிலும் தாமதக் குறியீடுகளை இடையிடையே அனுப்பிப் பார்க்கும் வசதி உண்டு. அது இயல்பாக நிறுத்தப்பட்டிருக்கும். வேண்டுவோர் இயக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அக்குறியீடுகள் கணக்கிடும் பகுதிகளைச் சுற்றிக்கொண்டு செல்பவை. ஆகவே வரிசைகளில் காத்திருக்கும் நேரத்தையே அவை காட்டும். கணக்கிடச் செலவான நேரத்தைக் காட்டமாட்டா. நிகழ்ச்சி நேரத்தைக் கழித்து அறியும் முறைக்கு அவை மாற்றாகமாட்டா.

சராசரி காட்டாத உண்மை

ஒரு நிலையத்திலிருந்து வந்த 20 அளவுகளின் தாமதங்கள், நொடிக் கணக்கில், வருமாறு:

12, 14, 11, 13, 15, 12, 16, 14, 13, 12, 11, 15, 14, 13, 12, 16, 13, 14, 900, 960.

கூட்டுத்தொகை 2,100. சராசரி 105 நொடி. இந்த 105 எந்த அளவின் தாமதம்? ஒன்றினுடையதும் அன்று. பதினெட்டு அளவுகள் கால் நிமிடத்தை ஒட்டி வந்திருக்கின்றன. இரண்டு மட்டும் கால் மணி நேரமும் அதற்கு மேலும் தாமதித்திருக்கின்றன. சராசரி இரண்டு உண்மைகளையும் மறைத்து இல்லாத மூன்றாவது ஒன்றைக் கூறுகிறது.

வரிசைப்படுத்திப் பார்த்தால் பத்தாவது எண் 13, பதினோராவது 14. நடு எண் 13.5. பத்தொன்பதாவது எண், அதாவது 95-ஆம் நூற்றுமானம், 900. பெருமம் 960. இந்த மூன்று எண்களையும் அருகருகே வைத்தவுடன் நிலைமை விளங்கிவிடுகிறது: வழக்கமான பாதை நன்றாக இருக்கிறது, இறுதியில் ஏதோ அறுந்தது. மேலும் அந்த இரண்டு பெரிய தாமதங்களும் தனித்தனியே சிதறி வராமல் அடுத்தடுத்து, கடைசியாக வந்திருப்பதைக் காண்க. வரிசைப்படுத்தும்போது இந்தக் கால ஒழுங்கு அழிந்துபோகும். ஆகையால் வரிசைப்படுத்துமுன் வந்த ஒழுங்கிலேயே ஒருமுறை கண்ணோட்டமிடுதல் வேண்டும்.

வரிசையின் நீளமும் காத்திருக்கும் நேரமும்

காஃப்காவின் ‘கன்சூமர் குரூப்ஸ்’ என்னும் கட்டளை, செயலி எடுக்க வேண்டிய செய்திகள் எத்தனை பாக்கி நிற்கின்றன என்று காட்டும். இது செய்திகளின் எண்ணிக்கை, நேரமன்று. ரேஷன் கடை வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. நிமிடத்துக்கு எத்தனை பேருக்குப் பொருள் வழங்குகிறார்கள் என்றும் அறிய வேண்டும். வரிசையின் சராசரி நீளம், வரும் வேகத்தையும் காத்திருக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்னும் விதியை 1961-ல் ஜான் லிட்டில் நிறுவினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நொடிக்கு 25 செய்திகள் வர, செயலி 20 மட்டுமே முடிக்கும் நிலையைக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 5 செய்திகள் பாக்கியாகும். ஒரு மணி நேரத்தில் பாக்கி 18,000. அப்போது வந்து சேரும் புதிய செய்தி தன் முறைக்காக 18,000-ஐ 20-ஆல் வகுத்த 900 நொடி, அதாவது கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். செயலி ஒரு நொடியும் ஓய்ந்திருக்கவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. ஆயினும் முடிவுகள் கால் மணி நேரப் பழமையுடையவை. பாக்கி வளர்கிறதா, குறைகிறதா என்பதே முதல் வினா. அது எவ்வளவு என்பது இரண்டாவது.

செயலி நின்று மீண்டும் தொடங்கும்போது, இடையில் தேங்கிய செய்திகளை அது விரைந்து உண்ணத் தொடங்கும். அந்நேரத்தில் தாமதம் மிகப் பெரிதாகத் தொடங்கிச் சீராகக் குறையும். இது நலம் பெறும் அறிகுறி. இதைக் கண்டு அஞ்சி மறுபடியும் செயலியை நிறுத்தலாகாது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

6 மணி முதல் 6.05 வரை அளந்தவற்றைக் கூட்டி ஒரு முடிவு சொல்ல வேண்டும். ஆனால் 6.03-க்கு அளந்த ஒன்று 6.18-க்கு வந்து சேரக்கூடும். எப்போது கணக்கை மூடுவது? வாக்குச்சாவடிக் கதவை எந்த நேரத்தில் அடைப்பது என்பது போன்ற வினா இது. ஓட்ட முறைச் செயலிகள் இதற்கு ‘நீர்க்குறி’ என்னும் கருத்தைக் கையாள்கின்றன. ‘இந்த நேரத்துக்கு முற்பட்ட அளவுகள் அனைத்தும் வந்துவிட்டன என்று கொள்கிறேன்’ என்று செயலி தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் கோடு அது. கூகுள் பொறியாளர்கள் 2013-லும் 2015-லும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இக்கருத்தைப் பரவலாக்கின.

ஒரு நிமிடம் மட்டுமே காத்திருப்பதாக அமைத்தால், மேலே கண்ட 900, 960 நொடி தாமதித்த அளவுகள் கணக்கில் சேரா. பதினாறு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதாக அமைத்தால் அவையும் சேரும். ஆனால் ஒழுங்காக வந்த பதினெட்டு அளவுகளின் முடிவும் அதுவரை வெளிவராது. முழுமையும் விரைவும் ஒன்றையொன்று தின்னும். பல இடங்களில் நடைமுறைக்கு ஏற்றது, வந்தவற்றைக் கொண்டு உடனே ஒரு முதல் முடிவு சொல்லி, பிந்தி வந்தவற்றைச் சேர்த்துத் திருத்திய முடிவைப் பின்னர் வெளியிடும் முறை. வெள்ள எச்சரிக்கை போன்ற பணிக்கு விரைவே முதன்மை. ஆண்டு மழையளவுப் பட்டியலுக்கு முழுமையே முதன்மை. எத்தனை நேரம் காத்திருப்பது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்யாது. பணியின் நோக்கம் அறிந்த மனிதரே முடிவு செய்ய வேண்டும். அதற்குச் சான்றாக அமைவது கட்டளை வரியில் சேர்த்த தாமதப் பட்டியல்.

பேசாத நிலையம்

இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. இதுவரை கூறிய முறை, வந்து சேர்ந்த செய்திகளின் தாமதத்தையே அளக்கிறது. வராத செய்திக்குத் தாமதம் ஏது? வெள்ளத்தில் கருவி அடித்துச் செல்லப்பட்டாலும், மின்கலம் நனைந்தாலும், அந்நிலையம் பேசாமல் நின்றுவிடும். அதன் பின் திரையில் தோன்றுவன ஒழுங்காக இயங்கும் மற்ற நிலையங்களின் தாமதங்கள் மட்டுமே. நடு எண் நன்றாக இருக்கும். 95-ஆம் நூற்றுமானமும் நன்றாக இருக்கும். முன்னைவிடச் சிறப்பாகவும் தோன்றலாம். ஆபத்து மிகுந்த இடத்திலுள்ள நிலையமே முதலில் பேச்சிழக்கும் என்பதால், நிலைமை மோசமாகும் அதே நேரத்தில் அளவீடு நலமெனக் காட்டும் விபரீதம் நேர்கிறது.

இதற்கு மாற்று, தாமதத்தோடு கூட ‘வயதை’யும் அளத்தலாகும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் கடைசியாக வந்த அளவின் நிகழ்ச்சி நேரத்தை நினைவில் வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். செய்தி வந்தாலும் வராவிட்டாலும் இந்த எண் வளர்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு ஒருமுறை அளவு அனுப்பும் நிலையத்தில் இயல்பான தாமதம் 4 நிமிடம் என்றால், வயது 4 நிமிடத்திலிருந்து 64 நிமிடம் வரை ஏறி, புதிய அளவு வந்ததும் மீண்டும் 4-க்கு இறங்கும். வரைபடத்தில் இது ரம்பத்தின் பற்களைப் போல் தோன்றும். வயது 75 நிமிடத்தைக் கடந்தால் ஓர் அளவு தவறிற்று என்று அறியலாம். 135-ஐக் கடந்தால் இரண்டு தவறின. ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டிய நேரம் அதுவே.

கட்டளை வரியில் இதைச் செய்வது எளிது. ஆக் கட்டளை நிலையத்தின் பெயரைக் குறியாகக் கொண்ட அட்டவணையில் கடைசி நேரங்களை வைத்து ஒரு சிறு கோப்பில் எழுதட்டும். ‘வாட்ச்’ என்னும் கட்டளை நிமிடத்துக்கு ஒருமுறை அக்கோப்பைப் படித்து வயதுகளைக் கணக்கிட்டுக் காட்டட்டும். நிலையங்களின் முழுப் பட்டியலும் தனியே இருக்க வேண்டும்; வந்த செய்திகளிலிருந்து மட்டும் பட்டியலைத் திரட்டினால், தொடக்கத்திலிருந்தே பேசாத நிலையம் கணக்கிலேயே வராது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் அழைப்பதும் இதற்காகவே. எதிரே அமர்ந்திருப்பவர்களை எண்ணினால் வராதவர் யார் என்று தெரியாது.

பேசாத நிலையம் மற்றொரு வகையிலும் தொல்லை தரும். பல நிலையங்களின் ஓட்டங்களை ஒன்றாகக் கணக்கிடும் செயலி, அவற்றுள் மிகப் பின்தங்கியதன் நேரத்தையே பொது நீர்க்குறியாகக் கொள்வது வழக்கம். முதல் நிலையம் 6.20 வரையும் இரண்டாவது 6.19 வரையும் வந்திருக்க, மூன்றாவது 5.40-லேயே நின்றுவிட்டால், பொது நீர்க்குறி 5.40-ஐத் தாண்டாது, 6 மணிக்குரிய முடிவு வெளிவராது. ஒரு நிலையத்தின் மௌனம் மூன்றின் வாயையும் அடைக்கும். குறித்த நேரம் பேசாத ஓட்டத்தைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு ஃபிளிங்க் போன்ற செயலிகளில் உண்டு. அதை இயக்கி வைத்தால் மற்ற நிலையங்களின் முடிவுகள் வெளிவரும். ஒதுக்கப்பட்ட நிலையத்தின் பெயரை வயதுப் பட்டியல் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

கணிப்பொறிக்கு அப்பால்

முடிவு கணிப்பொறியில் தோன்றியதோடு பயணம் முடிவதில்லை. அது உரியவர் காதில் விழ வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை ஏறத்தாழ 6.29-க்குச் சுமத்திராவுக்கருகே நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிக்கும் ஏற்பாடு இல்லாமையால் கடற்கரையிலிருந்தோர் அறியாதிருந்தனர். அதன்பின் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கிற்று. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் நேர்ந்தபோது, ஏறத்தாழ 8 நிமிடத்தில் அம்மையத்தின் முதல் அறிவிப்பு வெளிவந்தது.

2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலில் உருவான ஒக்கிப் புயல் மற்றொரு பாடத்தைத் தந்தது. ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு அன்று முற்பகலிலேயே புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்திலிருந்தும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கடற்கரையிலிருந்தும் மீனவர் பலர் ஏற்கெனவே கடலில் வெகுதூரம் சென்றிருந்தனர். கரையில் எத்தனை விரைவாக அறிவிப்பு வந்தாலும், கரைக்கு அப்பாலிருந்த படகுகள் பலவற்றுக்கு அதைக் கொண்டுசேர்க்க வழியில்லை. இரு மாநிலங்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம் மக்களை இழந்தன. செயற்கைக்கோள் வழியே நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறக்கூடிய ‘ஜெமினி’ என்னும் சிறு கருவி 2019 அக்டோபரில் அறிமுகமாயிற்று.

ஆகவே, நான்கு முத்திரைகளோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: செய்தி உரியவரை அடைந்த நேரம். இதைக் கணிப்பொறி தானே அறியாது. அறிவிப்பைப் பெற்ற ஊழியர் ‘கண்டேன்’ என்று ஒரு சொல் திருப்பி அனுப்பினால் போதும். அந்தப் பதிலின் நேரமே ஐந்தாம் முத்திரை. மற்ற நான்கும் நொடிக் கணக்கில் இருக்க, இந்த ஐந்தாவது மணிக் கணக்கில் இருப்பதைப் பலர் முதன்முறை அளக்கும்போதுதான் காண்பர்.

வகுப்பறையில் செய்து காட்ட

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இப்பாடத்தை நடத்தலாம். கடைசி வரிசையில் மூன்று மாணவர் மூன்று அளவு நிலையங்களாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துண்டுச் சீட்டில் தம் நிலையத்தின் பெயரையும் கடிகார நேரத்தையும் எழுதி முன்வரிசைக்குக் கைமாற்றட்டும். முன்வரிசையில் ஒருவர் வந்த நேரத்தைக் குறித்துக் கழிக்கட்டும். மற்றொருவர் கரும்பலகையில் ஒவ்வொரு நிலையத்தின் வயதையும் எழுதிவரட்டும்.

பத்து நிமிடம் கழிந்தபின், ஆசிரியர் ஒரு நிலையத்து மாணவரை எழுதாமல் இருக்குமாறு சைகை செய்யட்டும். தாமதத்தைக் கணக்கிடுபவர் எந்த மாறுதலையும் காணமாட்டார். வயதை எழுதுபவரோ இரண்டு நிமிடத்துக்குள் கையுயர்த்துவார். பின்னர் வேறொரு மாணவரின் கைக்கடிகாரத்தை ஒரு நிமிடம் முன்னே திருப்பிவைத்தால், தாமதம் பூச்சியத்துக்குக் கீழே செல்வதையும் வகுப்பு கண்டுகொள்ளும்.

பயிற்சி

1. இந்திய நேரம் 10.15.00-க்கு எடுத்த அளவு, உலகப் பொது நேரம் 4.52.30-க்கு வந்து சேர்ந்தது. தாமதம் எவ்வளவு?

2. பத்து அளவுகளின் தாமதங்கள் 5, 5, 6, 6, 6, 7, 7, 8, 8, 242 நொடி. சராசரியும் நடு எண்ணும் யாவை? நிலைமையை எது சரியாகக் கூறுகிறது?

3. வரிசையில் 3,600 செய்திகள் பாக்கி. செயலி நொடிக்கு 30 முடிக்கும். புதிய செய்திகள் நொடிக்கு 20 வீதம் வந்துகொண்டிருந்தால் பாக்கி தீர எவ்வளவு நேரம் ஆகும்?

4. இப்போது நேரம் 7.20. மூன்று நிலையங்களின் கடைசி அளவுகள் முறையே 7.00, 7.00, 4.00 மணிக்குரியவை. மூன்றும் மணிக்கு ஒருமுறை அனுப்பவேண்டியவை. எங்கே ஆள் அனுப்புவீர்?

விடைகள்: (1) பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்ட 10.22.30, தாமதம் 450 நொடி. (2) சராசரி 30, நடு எண் 6.5, வழக்கமான நிலையை நடு எண்ணும், பழுதைப் பெரும எண்ணும் கூறும், சராசரி இரண்டையும் கூறாது. (3) நொடிக்கு 10 வீதம் குறைவதால் 360 நொடி. (4) மூன்றாம் நிலையத்துக்கு. அதன் வயது 200 நிமிடம், அதாவது மூன்று அளவுகள் தவறியுள்ளன.